ஹுராக்கானில் எந்த வேரியன்ட் எடுத்தால் விற்கும்போது கையைக் கடிக்காது?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். குடும்பத்துக்கு முந்திரி ஏற்றுமதித் தொழில். லம்போர்கினி ஹுராக்கான் வாங்க நாலு கோடி வரை ஒதுக்கி வைத்திருக்கிறார். நாலைந்து வருஷம் ஓட்டிவிட்டு விற்றுவிடும் யோசனை. நாலு வண்டிகள் பேச்சில் இருக்கின்றன. புதுச்சேரியில் பிஒய் நம்பரோடு ஒரு ஈவோ ஆல் வீல் டிரைவ் (நாலு சக்கர இழுவை), சென்னையில் தமிழ்நாட்டு நம்பரோடு ஒரு ஈவோ ரியர் வீல் டிரைவ் (பின்சக்கர இழுவை), ஹைதராபாத்தில் ஒரு டெக்னிக்கா, பெங்களூரில் ஒரு எஸ்டிஓ. எதை எடுத்தால் விற்கும்போது நஷ்டம் குறையும் என்பது முதல் கேள்வி. மாமனார் வீடு புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கிறது, அந்த விலாசத்தில் பதிவு வைத்துக்கொண்டு சாலை வரியை மிச்சப்படுத்தலாமா என்பது இரண்டாவது.

தம்பி, பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். டெக்னிக்கா சுத்தமான வண்டியாக இருந்து, தமிழ்நாட்டு வரியையும் சேர்த்து உங்கள் நாலு கோடிக்குள் அடங்கினால் அதை எடுங்கள். அடங்காவிட்டால் சென்னையில் இருக்கும் ரியர் வீல் டிரைவ், அதுவும் முன்பக்கத்தைத் தூக்கும் நோஸ் லிஃப்ட் இருந்தால் மட்டும். எஸ்டிஓ அருமையான வண்டி, ஆனால் கடலூரில் வைத்து ஓட்டப்போகும் உங்களுக்கு வேண்டாம். லாஸ்பேட்டை விலாசம் வேண்டவே வேண்டாம்.

நான் புதுச்சேரியில் இருபது வருஷத்துக்கு மேல் ஒர்க்‌ஷாப் நடத்தியவன். இப்போது வாங்குகிறவர்களுக்காகப் பழைய வெளிநாட்டு வண்டிகளைப் பரிசோதித்துச் சொல்வதுதான் வேலை. வண்டியை விற்றுக் கமிஷன் வாங்குகிறவன் இல்லை.

மறுவிற்பனை விலை நம் ஊரில் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். லண்டன்காரர், துபாய்க்காரர் போடும் வீடியோவைப் பார்த்து இங்கே கணக்குப் போட்டால் உதைக்கும். இங்கே விலையைத் தாங்கி நிற்பது வரி.

இத்தாலியிலிருந்து கப்பலில் வந்து இறங்கும் ஒரு கார் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 40,000 டாலருக்கு மேல் மதிப்புள்ள முழு வண்டி என்பதால் சுங்க வரி எல்லாம் சேர்த்து 110 ரூபாய். ஆக 210. அதன்மேல் ஜிஎஸ்டி 40 சதவீதம், அதாவது 84 ரூபாய். 294 ஆகிவிட்டது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். அதையும் சேர்த்தால் ஏறக்குறைய 353. டீலர் லாபம், இன்சூரன்ஸ் எதையும் நான் இன்னும் சேர்க்கவில்லை.

இந்த 353-ல் கார் என்பது 100 ரூபாய்தான். மீதி 253 ரூபாய் அரசாங்கத்துக்குக் கட்டியது. நாளைக்கு நீங்கள் விற்கும்போது வாங்குகிறவர் எந்த மனக்கணக்கோடு வருவார்? ‘புதுசாக ஒன்றை இறக்கினால் இவ்வளவு வரி கட்ட வேண்டும், இவரிடம் வாங்கினால் அது மிச்சம்.’ அந்த நினைப்புதான் உங்கள் வண்டிக்கு விலை. ஆகவே வரி ஏறினால் பழைய வண்டிக்கு மதிப்பு ஏறும். இறங்கினால் நீங்கள் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாமலே மதிப்பு இறங்கும்.

இப்போது காற்று இறங்கும் பக்கம் அடிக்கிறது. 2025 செப்டம்பர் 22 வரை பெரிய பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டியும் செஸ்ஸும் சேர்ந்து 48, 50 சதவீதம் என்று இருந்தது. அன்றிலிருந்து செஸ் போய் 40 ஆனது. 2025 ஜூலை 24 அன்று இங்கிலாந்தோடு கையெழுத்தான வர்த்தக ஒப்பந்தத்தில், குறிப்பிட்ட எண்ணிக்கை கார்களுக்குச் சுங்க வரியைப் படிப்படியாக 10 சதவீதம் வரை குறைப்பதாக இருக்கிறது. அந்த 10 சதவீதத்தை மேலே போட்ட கணக்கில் வைத்துப் பாருங்கள். 100 ரூபாய் வண்டி 110, ஜிஎஸ்டியோடு 154. முன்பு 294! பழைய வரி முழுசையும் கட்டி மெக்லாரனோ ஆஸ்டன் மார்ட்டினோ இறக்கியவர்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது. உங்கள் பட்டியலில் அவை இல்லாதது நல்லது.

லம்போர்கினி இத்தாலிக்காரன், அது ஐரோப்பிய ஒன்றியத்துக் கணக்கு. அங்கேயும் கார் வரிதான் பேச்சின் மையமாக இருந்தது. ஆனால் ஹுராக்கானுக்கு ஒரு பாதுகாப்பு இருக்கிறது. அதன் உற்பத்தி 2024-ல் நின்றுவிட்டது. வரி எவ்வளவு இறங்கினாலும் புது ஹுராக்கான் இனி வராது. அதன் இடத்தில் வந்திருக்கும் டெமராரியோ வி8 டர்போவும் மூன்று மின்மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட். 2025 ஏப்ரலில் இங்கே 6 கோடி எக்ஸ் ஷோரூம் விலையில் அறிமுகமானது. அந்த 6 கோடி ஒரு கூரை மாதிரி. கூரை உயரத்தில் இருக்கும்வரை அதன் கீழே ஹுராக்கான்கள் நிமிர்ந்து நிற்கும். கூரை இறங்கினால் முதலில் தலை இடிப்பது உயரமானவனுக்குத்தான். அதாவது அதிக விலை கொடுத்து எடுத்த வேரியன்ட்டுக்கு. நான் எஸ்டிஓவில் தயங்குவதற்கு இது ஒரு காரணம்.

சரி, வேரியன்ட்டுகளுக்கு வருவோம். இவை இந்தியாவில் அறிமுகமானபோது இருந்த எக்ஸ் ஷோரூம் விலைகளை ஒரு தடவை வரிசையாகப் பாருங்கள். 2019-ல் ஈவோ 3.73 கோடி. 2020-ல் ஈவோ ரியர் வீல் டிரைவ் 3.22 கோடி. 2021-ல் எஸ்டிஓ 4.99 கோடி. 2022-ல் டெக்னிக்கா 4.04 கோடி. நாலிலும் அதே 5.2 லிட்டர் வி10, டர்போ இல்லாத இன்ஜின். ஈவோ ரியர் வீல் டிரைவில் மட்டும் 610 குதிரைத்திறன், மற்ற மூன்றிலும் 640.

இரண்டு ஈவோவுக்கும் கடையில் 51 லட்சம் வித்தியாசம். அந்த 51 லட்சத்துக்கு என்ன வந்தது? நாலு சக்கர இழுவை, பின்சக்கரமும் திரும்பும் ஸ்டியரிங், கூடுதலாக 30 குதிரை, கார்பன் செராமிக் பிரேக். இரண்டாவது கையாக வாங்க வருகிறவர் இதில் எதற்கும் முழு விலை கொடுக்க மாட்டார். அவர் பார்ப்பது வருஷம், கிலோமீட்டர், எத்தனையாவது ஓனர், கலர், அப்புறம் சத்தம். அதனால் கடையில் அகலமாக இருந்த இடைவெளி கைமாறும்போது சுருங்கிவிடும். சுருங்கிய அளவு முதல் ஓனரின் நஷ்டம். நீங்கள் இரண்டாவது ஓனராக வருவதால் அந்த நஷ்டத்தை அவர் ஏற்கெனவே சுமந்துவிட்டார் என்பது உண்மைதான். ஆனாலும் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஆல் வீல் டிரைவில் பிரேக் செராமிக். வட்டும் பேடும் தேய்ந்திருந்தால் மாற்றும் செலவு பல லட்சம். ரியர் வீல் டிரைவில் எஃகு வட்டுதான் ஸ்டாண்டர்ட், செராமிக் ஆப்ஷன். நம் ஊரில் ஓட்டுகிற ஓட்டத்துக்கு எஃகு தாராளமாகப் போதும். உங்களிடம் வாங்கப்போகிறவரும் பிரேக் கணக்கைக் காட்டி விலையைக் குறைக்க முடியாது.

டெக்னிக்காவை ஏன் முன்னால் வைக்கிறேன்? எஸ்டிஓவின் இன்ஜின், பின்சக்கர இழுவை, திரும்பும் பின்சக்கரம் எல்லாம் இதில் இருக்கிறது. பெரிய றெக்கையும், கூரையில் காற்று வாங்கும் மூக்கும் இல்லை. ஹுராக்கான் வரிசையில் ரோட்டுக்கென்றே செய்த கடைசி வடிவங்களில் ஒன்று. டர்போ இல்லாத வி10 இனி இந்த வரிசையில் வரப்போவதில்லை என்பதால், காலம் போகப்போக ‘கடைசி’ என்ற சொல்லுக்கு ஒரு விலை உண்டு. போர்ஷேயில் இதை வருஷக்கணக்காகப் பார்க்கிறோம். 911 டர்போ எஸ் வேகத்தில் ஜிடி3-ஐ விட்டுவிட்டுப் போய்விடும். ஆனால் விலை நிற்பது ஜிடி3-க்குத்தான். டர்போ இல்லாத 4 லிட்டர் இன்ஜின், 9,000 ஆர்பிஎம் சத்தம். வாங்குகிறவன் காதால் வாங்குகிறான். ஹுராக்கானுக்கு முந்தைய லம்போர்கினியான கையார்டோவிலும் அப்படியே. 14,022 வண்டிகள் செய்தார்கள், அதில் மேனுவல் கியர் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்துக்கு இன்று உலகமெங்கும் தனி விலை.

ஆனால் அரிது என்ற ஒன்றை மட்டும் நம்பிக் காசைப் போடாதீர்கள். 2016-ல் போர்ஷே 911 ஆர் என்று 991 வண்டிகள் மட்டும் செய்தது. மேனுவல் கியர், றெக்கை கிடையாது. வாங்கியவர்கள் கையிலிருந்து பல மடங்கு விலைக்குப் பறந்தது. அடுத்த வருஷமே ஜிடி3 டூரிங் வந்தது. அதே மாதிரி இன்ஜின், மேனுவல் கியர், றெக்கை இல்லை, எண்ணிக்கைக் கட்டுப்பாடும் இல்லை. 911 ஆரின் விலை சரிந்தது. உச்சத்தில் வாங்கியவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அந்த வண்டியில் எந்தக் குறையும் இல்லை. கம்பெனி அதே பண்டத்தை வேறு பெயரில் இன்னொரு தடவை செய்தது, அவ்வளவுதான். மெக்லாரனுக்கு நேர்ந்ததும் ஏறக்குறைய இதுவே. 12சி வந்த மூன்று வருஷத்தில் 650எஸ், அதற்கு மூன்று வருஷத்தில் 720எஸ், நடுநடுவே எல்டி (லாங்டெயில்) என்ற சிறப்பு வண்டிகள். ஒவ்வொரு புதுசும் முந்தையதன் காலை வாரியது. ஹுராக்கான் விஷயத்தில் இந்தப் பயம் இல்லை. கதை முடிந்துவிட்டது, இன்னொரு அத்தியாயம் வராது.

எஸ்டிஓவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதுதான் உங்கள் மனசில் இருக்கிறது என்று உங்கள் கேள்வியிலேயே தெரிகிறது. அதன் முன்பக்கம் மற்ற காரைப்போல் பானெட், இரண்டு ஃபெண்டர், பம்பர் என்று தனித்தனியாக இல்லை. எல்லாம் சேர்ந்து ஒரே கார்பன் ஃபைபர் துண்டு. கோஃபாங்கோ என்று அவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். திறந்தால் மூக்கு மொத்தமும் அப்படியே எழும். உள்ளே ஒரு ஹெல்மெட் வைக்கும் அளவுதான் இடம். வெளிப்பலகைகளில் முக்கால்வாசி கார்பன்.

இதை எடுத்துக்கொண்டு ஈசிஆரில் சென்னைக்குப் போய்வருவதை யோசித்துப் பாருங்கள். ஊருக்கு ஊர் பெயின்ட் அழிந்துபோன வேகத்தடை. இரவில் அது தெரிவதே கிட்டே வந்த பிறகு. மாடு, குறுக்கே திரும்பும் டூவீலர், மழை விட்டால் பள்ளம். மற்ற ஹுராக்கானில் மூக்கு இடித்தால் பம்பரை மாற்றலாம், லிப்பை மாற்றலாம். எஸ்டிஓவில் விரிசல் கொஞ்சம் மேலே ஏறினால் முழுத் துண்டும் போச்சு. இன்சூரன்ஸ் கொடுக்கலாம். ஆனால் வாங்க வருகிறவர் கேட்கும் முதல் கேள்வி, ‘முன்பக்கம் ஒரிஜினலா?’ ஆமாம் என்று சொல்ல முடியாத எஸ்டிஓவுக்கும் சொல்ல முடிகிற எஸ்டிஓவுக்கும் நடுவே பெரிய பள்ளம் இருக்கிறது. ஓட்டாமல் மூடி வைக்கிறவருக்கு எஸ்டிஓ விலையைக் காப்பாற்றிக் கொடுக்கும். நீங்கள் ஓட்டுவேன் என்கிறீர்கள். ஓட்டத்தான் வேண்டும், அதற்குத்தானே வாங்குகிறீர்கள்.

நோஸ் லிஃப்ட் இல்லாத எந்த வண்டியையும் எடுக்காதீர்கள் என்று சொல்வதும் இதனால்தான். பட்டனை அழுத்தினால் முன்பக்கம் சில சென்டிமீட்டர் எழும், மெதுவாகப் போகும்போது மட்டும் வேலை செய்யும். வேறு எந்த ஆப்ஷனுக்கும் இரண்டாவது கையில் காசு வராது. இதற்கு வரும். லிஃப்ட் இல்லாத வண்டியை நம் நாட்டில் தேடி வாங்குகிறவர் யாரும் இல்லை. கலரில் என் அனுபவம், பச்சை, ஆரஞ்சு, மஞ்சள் சீக்கிரம் போகும். கறுப்பும் கிரேவும் நாளாகும். முதல் ஓனர் ஆசையாக சீட்டில் தன் இனிஷியலைத் தைத்து வைத்திருந்தால் அதைக் காட்டி விலையைக் குறையுங்கள். ஃபேன்ஸி நம்பருக்குக் கொட்டிய காசு அவருடைய சந்தோஷம், அதை உங்கள் தலையில் கட்ட விடாதீர்கள்.

இப்போது லாஸ்பேட்டை விஷயம். புதுச்சேரியில் சாலை வரி தமிழ்நாட்டைவிட மிகவும் குறைவு என்பது ஊரறிந்தது. அதனால்தான் எங்கெங்கோ ஓடும் விலையுயர்ந்த கார்களில் பிஒய் நம்பரைப் பார்க்கிறோம். 2017-ல் கேரளத்தில் இது பெரிய வழக்காகவே வெடித்தது. இல்லாத விலாசத்தைக் கொடுத்துப் பதிவு செய்தார்கள் என்று பிரபலங்கள் வரை விசாரணைக்குப் போனார்கள். உங்கள் மாமனார் வீடு நிஜமான வீடுதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வண்டி நிற்கப்போவது மஞ்சக்குப்பத்தில். மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-வது பிரிவுப்படி, வேறு மாநிலத்தில் பதிவான வண்டியை 12 மாதத்துக்கு மேல் ஓரிடத்தில் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். முள்ளோடையைத் தாண்டினால் வேறு மாநிலம்தானே. கடலூரில் ஹுராக்கான் ஒன்று ஓடினால் ஆர்டிஓவிலிருந்து டீக்கடை வரை எல்லோருக்கும் தெரியும், ஒளிக்கிற சமாச்சாரம் இல்லை.

சட்டம் ஒரு பக்கம். விற்கிற கணக்கிலும் இது உதைக்கும். பிஒய் நம்பர் வண்டியைப் புதுச்சேரிக்குள்ளேயே விற்க எத்தனை பேர் கிடைப்பார்கள்? சென்னைக்காரரோ பெங்களூர்க்காரரோதான் வாங்குவார். அவர் தன் மாநிலத்தில் வண்டியின் வயதுக்கேற்ற வரியைக் கட்ட வேண்டும். அதை உங்கள் விலையிலிருந்து கழித்துக்கொண்டுதான் பேச உட்காருவார். இன்றைக்கு மிச்சம் பிடித்ததாக நினைத்தது அன்றைக்கு மொத்தமாகக் கைவிட்டுப் போகும். அதே சங்கதியை இப்போது நீங்கள் உங்கள் பக்கம் திருப்பிக்கொள்ளலாம். பேச்சில் இருக்கும் அந்த பிஒய் ஈவோவின் விலை குறைவாகத் தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். தமிழ்நாட்டு வரியைச் சேர்த்த பிறகும் குறைவாக இருக்கிறதா என்று பாருங்கள். ஹைதராபாத் டெக்னிக்காவுக்கும் இதே கணக்கு உண்டு. மூன்று வருஷ வண்டிக்கு எவ்வளவு வரும் என்று கடலூர் ஆர்டிஓ அலுவலகத்தில் இன்வாய்ஸ் நகலைக் காட்டிக் கேட்டால் சொல்லிவிடுவார்கள். விலை பேசுவதற்கு முன்னால் அதைச் செய்யுங்கள். சென்னை வண்டிக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. வரி கட்டியாகிவிட்டது, நாளைக்கு விற்கும்போதும் சென்னை சந்தை அப்படியே கிடைக்கும்.

அந்தப் புதுச்சேரி வண்டியைப் பற்றி இன்னொரு பயமும் எனக்கு உண்டு, அது தண்ணீர்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்ற தெருக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதற்கு நாலு மாதம் கழித்து ஒரு விழுப்புரத்துக்காரருக்காக ஒரு வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் பார்க்கப் போனேன். இடைத்தரகர் சொன்னது, ‘கராஜை விட்டு வெளியே வராத வண்டி சார்.’ பாலிஷ் போட்டுப் பளபளவென்று இருந்தது. ஸ்கேனில் ஒன்றும் வரவில்லை. எனக்கும் முதல் பார்வையில் சந்தேகம் வரவில்லை. கிளம்பும்போது வழக்கமாகச் செய்வதுபோல் டிரைவர் பக்க சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தேன். பாதி வரை கறுப்பாக வந்தது. அதற்குமேல், தினமும் உள்ளே சுருண்டு கிடக்கும் பகுதியில், தேநீர்க் கறை மாதிரி ஒரு பழுப்புக் கோடு. மூக்கருகில் கொண்டுபோனால் குளத்துச் சேற்று வாசனை. சீட்டைப் பின்னுக்குத் தள்ளி டார்ச் அடித்தேன். ரெயிலைப் பிடித்திருக்கும் போல்ட்டின் தலையில் துரு, காய்ந்த வண்டல். தரைவிரிப்பை மாற்றியவர்களுக்கு பெல்ட்டை மாற்றத் தோன்றவில்லை. விழுப்புரத்துக்காரர் அட்வான்ஸ் கொடுத்திருந்தார். திரும்ப வாங்க மூன்று மாதம் அலைந்தார்.

தண்ணீர் ஏறாத வண்டியிலும் உப்புக்காற்று தன் வேலையைச் செய்யும். ஹுராக்கானின் சட்டகம் அலுமினியமும் கார்பனும் சேர்ந்தது. அலுமினியத்தில் எஃகு போல்ட் உட்காரும் இடத்தில் உப்பு ஈரம் பட்டால் வெள்ளைப் பொடி பூக்கும். மேலே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. லிஃப்டில் ஏற்றி, அடித்தட்டைக் கழற்றி, விரலால் தடவிப் பார்த்தால் மாவு மாதிரி ஒட்டும். கடற்கரையோரமாக வருஷக்கணக்கில் நின்ற வண்டி என்றால் அடித்தட்டைக் கழற்றாமல் பேசவே பேசாதீர்கள். நீங்களும் கடலூரில் வைக்கப்போகிறீர்கள். கடற்காற்று நேராக வராத அறை, மாதம் ஒருமுறை அடிப்பக்கம் நல்ல தண்ணீரில் கழுவல், இரண்டும் கட்டாயம். கவர் போட்டு மூடிவிட்டால் போதும் என்பார்கள். ஈரத்தோடு மூடினால் அது இன்னும் மோசம்.

டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2419 என்றால் 2019-ம் வருஷத்தின் 24-வது வாரம். வண்டி 5,000 கிலோமீட்டர்தான் ஓடியது, டயர் புதுசுபோல இருக்கிறது என்பார்கள். ஐந்து வருஷத்தைத் தாண்டிவிட்டால் பட்டன் ஆழமாக இருந்தாலும் அது கெட்டியாகிப் போன ரப்பர். நாலு டயரின் விலையைக் கழியுங்கள்.

இன்சூரன்ஸில் இந்த வண்டிகளுக்கு ஒரு பொறி இருக்கிறது. ஐடிவி என்கிற காப்பீட்டு மதிப்பு, பட்டியல் விலையிலிருந்து வருஷத்துக்கு ஏற்பக் கழியும். ஒன்றிலிருந்து இரண்டு வருஷம் 20 சதவீதம், மூன்று வரை 30, நாலு வரை 40, ஐந்து வரை 50. மூன்று வருஷத்தை எட்டப்போகும் டெக்னிக்காவுக்கு 4.04 கோடியில் 30 சதவீதம் போனால் 2.83 கோடிதான். சந்தையில் நீங்கள் அதைவிட அதிகம் கொடுத்து வாங்கியிருந்தால், வண்டி மொத்தமாகப் போகும் நாளில் நடுவில் இருக்கும் தொகை உங்கள் கையிலிருந்துதான். வண்டி விலை நன்றாக நிற்கிறது என்று நாம் சந்தோஷப்படுகிறோமே, அது நன்றாக நிற்க நிற்க இந்தப் பள்ளம் பெரிதாகிறது. கம்பெனியோடு பேசி ஐடிவியை எவ்வளவு உயர்த்த முடியுமோ உயர்த்துங்கள், பிரீமியம் கூடினால் கூடட்டும். யானை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசக் கூடாது. ஜீரோ டெப்பும் (தேய்மானம் கழிக்காத காப்பீடு) இன்ஜின் பாதுகாப்பும் சேர்த்தே எடுங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து இன்ஜினுக்குள் தண்ணீர் இழுத்துவிட்டால் சாதாரண பாலிசி அதைக் கொடுக்காது. கடலூரில் டிசம்பர் மாதம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கம்பெனி பெயரில் வாங்கலாமா என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். தேய்மானம் வருஷத்துக்கு 15 சதவீதம் எழுதலாம். ஆனால் ஜிஎஸ்டியில் கட்டிய வரியைத் திரும்ப எடுக்க முடியாது. விற்கும்போது இன்னொன்றும் வரும். கணக்குக்காக 3.50 கோடிக்கு வாங்கி மூன்று முழு வருஷம் தேய்மானம் எழுதினால் புத்தகத்தில் 2.15 கோடி இருக்கும். நீங்கள் 2.80 கோடிக்கு விற்றால் வித்தியாசமான 65 லட்சத்துக்கு 18 சதவீதம், ஏறக்குறைய 11.7 லட்சம் ஜிஎஸ்டி. விலை நிற்கிற வண்டியை கம்பெனி பெயரில் வைத்தால் இந்தச் செலவு உண்டு என்று தெரிந்து வையுங்கள். மிச்சத்தை உங்கள் ஆடிட்டர் சொல்வார்.

சர்வீஸுக்குப் பெங்களூருக்கு ஃபிளாட்பெட் லாரியில் ஏற்றி அனுப்ப வேண்டியிருக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை, ஓடினாலும் ஓடாவிட்டாலும். ஒரு வருஷம் தவறினால்கூட விற்கும்போது அந்தக் காலி வரியைக் காட்டி விலையை அடிப்பார்கள். கம்பெனி வாரன்டி முதலில் மூன்று வருஷம், அப்புறம் காசு கட்டி நீட்டிக்கலாம். நீட்டிக்க முடிகிற வண்டி என்றால் நீட்டித்தே வைத்திருங்கள். வாரன்டி மிச்சம் இருக்கும்போதே விற்றுவிடுவது நல்லது.

வரிசையாக இப்படிச் செய்யுங்கள். இந்த வாரம் சென்னை வண்டியைப் போய்ப் பாருங்கள், அது பக்கம். சீட்டில் உட்கார்ந்து லிஃப்ட் பட்டனை அழுத்தி, மூக்கு இரண்டு பக்கமும் சமமாக எழுகிறதா, அஞ்சு நிமிஷம் அப்படியே நிற்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் மெல்ல இறங்கினால் ஹைட்ராலிக் கசிகிறது. ஹைதராபாத்துக்குக் கிளம்புவதற்கு முன் அந்த ஓனரிடம் மூன்று போட்டோ கேளுங்கள். சேஸிஸ் நம்பரோடு சுங்கத்துறையின் பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிப் பத்திரம்), சர்வீஸ் பதிவு, நாலு டயரின் தேதி. 2025-ல் கேரளத்தில் பூடான் வழியாக வந்த வண்டிகளைச் சுங்கத்துறை பிடித்ததிலிருந்து, பில் ஆஃப் என்ட்ரி காட்டத் தயங்குகிறவரிடம் நான் மேற்கொண்டு பேசுவதே இல்லை. லோன் இருந்தால் அதை அடைத்து ஆர்சியில் நீக்கிய பிறகு, என்ஓசி கைக்கு வந்த பிறகுதான் முழுத் தொகை. அட்வான்ஸ் கொடுப்பதானாலும், பரிசோதனையில் தேறாவிட்டால் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.